கை உடைந்தது, போன் உடையவில்லை

இந்தப் பதிவைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். ஆறவில்லை. வழக்கமாக வரும் பழைய புதுச்சேரிக் கதைகள் அடுத்த வாரம். இந்த வாரம் சைக்கிள் ஹேண்டில்பாரில் போனை மாட்டுவது பற்றி. இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பையனுக்கு இருபத்திரண்டு வயது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. பைக் இல்லை. பெட்ரோலுக்குப் போகிற காசு மிஞ்சட்டும் என்று சைக்கிளிலேயே ஓடுகிறான். மூன்று வாரத்துக்கு முன் இரவு எட்டு மணிவாக்கில் முத்தியால்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வழியில் ஒரு வேகத்தடை. வெள்ளைக்கோடு எப்போதோ அழிந்துபோன வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன், ஹோல்டரிலிருந்து எகிறிக் கிளம்பியது. அவனுடைய வலது கை தானாக அதைப் பிடிக்கப் போனது. இடது கை மட்டும் பிடித்திருந்த ஹேண்டில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. பையன் கீழே. பின்னால் வந்த ஆட்டோக்காரர் நல்ல மனிதர், நல்ல பிரேக்கும் வைத்திருந்தார். அதனால்தான் இந்தப் பதிவை இந்த அளவு கோபத்தோடு முடிக்க முடிகிறது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. போன்? அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் ஒரு கீறல். ரோட்டில் கிடந்தபடியே அது அடித்ததாம். கம்பெனியிலிருந்துதான். ஆர்டர் ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை என்று கேட்க.

மறுநாள் எங்கள் திண்ணையில் இதுதான் பேச்சு. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், காபியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பே எழுதிவிட்டார். "இந்தக் காலத்துப் பசங்க போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டினா வேற என்ன ஆகும்?" கூட இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வழக்கு முடிந்தது. குற்றவாளி பையன்.

நான் மாடியேறிப் போய்ப் பையனிடமே கேட்டேன்.

"நான் போனைப் பார்க்கலை தாத்தா. ரோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன். போன் கிளம்பினதைத்தான் பார்த்தேன்."

நான் சொல்லவந்ததை அவனே இரண்டு வரியில் சொல்லிவிட்டான். போனை ஹேண்டில்பாரில் உறுதியாக மாட்ட வேண்டும் என்று சொன்னால், எல்லோரும் போனைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுவதாகவே நினைக்கிறார்கள். நான் பேசுவது கையைக் காப்பாற்றுவது பற்றி. பிடி நழுவி எது விழுந்தாலும் மனிதனுடைய கை அதன் பின்னால் போகும். யோசித்துவிட்டுப் போகாது. பால் செம்பு சாய்ந்தால் அடுப்பு சூடு என்று கைக்குத் தெரிவதற்கு முன்பே கை நீண்டிருக்கும். விழுகிற பொருள் மூன்று மாதச் சேமிப்பில், அதுவும் தவணையில், வாங்கியதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சைக்கிளிலோ அந்தக் கைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் ஆடுகிற நொடியில்தான் போன் எகிறும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தே ஆகவேண்டிய நொடியும் அதுதான். ஆகவே ஆடுகிற ஹோல்டர் என்பது போனுக்கு மட்டும் ஆபத்தான பொருள் இல்லை. ஓட்டுகிறவனை அவனுக்கு மிக மோசமான நேரத்தில் ஒற்றைக் கையனாக்கும் பொருள்.

அந்த ஹோல்டரைக் கேட்டு வாங்கிவந்து என் மேஜையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கோப்பைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பிப் பழக்கமில்லை.

விலை நூற்றெண்பது ரூபாயாம். நான்கு மூலைக்கு நான்கு பிளாஸ்டிக் நகங்கள். நடுவில் ஒரு ஸ்பிரிங். நகங்களை விரித்துப் போனை வைத்தால் ஸ்பிரிங் இழுத்துக் கவ்விக்கொள்ளும். கீழே ஒரு பிளாஸ்டிக் உருண்டை. போனை நிறுத்தியும் படுக்கவைத்தும் திருப்பிக்கொள்ள வசதியாம். அதற்கும் கீழே ஹேண்டில்பாரைச் சுற்றிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம், ஒற்றை ஸ்க்ரூ. கடையில் மாட்டிக் காட்டும்போது கச்சிதமாகத்தான் இருக்கும். ஏனென்றால் கடையில் ரோடு கிடையாது.

இதில் மூன்று இடத்தில் பிழை. முதலாவது, நகங்கள் போனை இரண்டு பக்கமும் அழுத்துகின்றன. அவ்வளவுதான். போன் எகிறுவது மேல்நோக்கி. மேல்நோக்கிப் போவதைத் தடுக்க அந்த நகத்தின் நுனியில் இருப்பது ஒரு நெல் அளவு கொக்கி. வழவழப்பான கவர் போட்ட போன், அதிலும் மழையிலோ வியர்வையிலோ நனைந்தது, அந்தக் கொக்கிக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? இரண்டாவது, உருண்டை. ஓயாத அதிர்ச்சியில் எந்த மரையும் மெல்ல மெல்லக் கழன்றுகொள்ளும். சைக்கிளில் ஸ்பிரிங் வாஷர் என்று ஒன்றை எதற்காகப் போட்டார்கள்? மூன்றாவது, வளையம். அது வேறு தடிமனுக்குச் செய்தது. சாதாரண சைக்கிளில் கைப்பிடி போடும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம் 22 மில்லிமீட்டர் சொச்சம். நடுவில் தண்டோடு சேரும் இடத்தில் பல சைக்கிள்களில் 25.4, இப்போது வரும் பல புது ரகங்களில் 31.8. எல்லாவற்றுக்கும் சேரும் என்று அட்டையில் போட்டு விற்கும் வளையம், எதற்கும் சரியாகச் சேராது. பையன் அதற்குள் ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்திருந்தான். முதல் மழையில் அட்டை கூழாகியிருக்கிறது.

அழுத்திப் பிடிப்பது வேறு, பூட்டிப் பிடிப்பது வேறு. கதவை நாற்காலி வைத்து அடைப்பதற்கும் தாழ்ப்பாள் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்தத் தாழ்ப்பாள் சைக்கிள் உலகத்துக்குத் தெரியாத விஷயமில்லை. என் தங்கை மகன் பாரிஸில் இருக்கிறான். இங்கே வந்திருந்தபோது சைக்கிளுக்கென்றே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டினான். கார்மின் எட்ஜ் என்று பெயர். வேகம், தூரம், வழி எல்லாம் காட்டும். எடை நூறு கிராம்கூட இருக்காது. அதன் முதுகில் இரண்டு சின்னக் காதுகள். ஹேண்டில்பாரில் உள்ள வட்டத்துக்குள் அவற்றை வைத்துக் கால் வட்டம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மேலே தூக்கினாலும் வராது, பக்கத்தில் இழுத்தாலும் வராது. மறுபடி கால் வட்டம் திருப்பினால்தான் வரும். அது போதாதென்று பெட்டியிலேயே ஒரு சின்னக் கயிறும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முனை கருவியில், மறுமுனை ஹேண்டில்பாரில். பூட்டே உடைந்தாலும் கயிற்றில் தொங்கும்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவனின் நூறு கிராம் கருவிக்குப் பூட்டும் உண்டு, கயிறும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓட்டுகிறவனின் இருநூறு கிராம் போனுக்கு நான்கு பிளாஸ்டிக் நகம். இதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது.

இத்தனைக்கும் சைக்கிளில் எதையும் கட்டத் தெரிந்த ஊர் இது. என் சின்ன வயதில் ரொட்டிக்காரர் பெட்டி, பால்காரர் கேன், ஐஸ் பெட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் சைக்கிளில்தான் வந்தன. கேரியரில் வைத்து, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி எடுத்த வாரால் இழுத்துக் கட்டுவார்கள். சணல் கயிறு அதிர்ச்சியில் தளரும். டியூப் வார் தளராது. இழுத்த இழுப்பில் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், ரப்பர் வழுக்கவும் வழுக்காது. அந்த மனிதர்கள் பௌதிகம் படித்தவர்கள் இல்லை. விழுந்தால் நஷ்டம் யாருக்கு என்று தெரிந்தவர்கள். அவ்வளவு தெரிந்த ஊரில் இன்றைக்கு ஒரு போனை ஒழுங்காகக் கட்ட ஆளில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாதா?" இது திண்ணை நண்பரின் அடுத்த கேள்வி. நீங்களும் நானும் வைத்துக்கொள்ளலாம். நாம் போவது காய்கறிக் கடைக்கு. வழி தெரியும். யாராவது கூப்பிட்டால் வீட்டுக்குப் போய்ப் பேசலாம். இந்தப் பையனுக்கு ஒரு நாளில் இருபது தெரியாத வீடு. வழி போனில், வீட்டு எண் போனில், அடுத்த வேலை போனில். பாக்கெட்டில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பான். நின்று எடுத்தால் நேரம் போகும். அதனால் ஓட்டிக்கொண்டே எடுப்பான். அதாவது ஒற்றைக் கை. ஹேண்டில்பாரில் இருக்கும் போன் ஆபத்துதான். கையில் இருக்கும் போன் அதைவிட ஆபத்து. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிய போனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோலத்தில் கழுத்தைச் சாய்த்துப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

கண்ணைப் பற்றிய வாதத்தை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் நகரும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் பதினோரு மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். பதினோரு மீட்டருக்குள் நம் தெருக்களில் ஒரு நாய், ஒரு பள்ளம், திடீரென்று கதவு திறக்கும் ஒரு கார் மூன்றுமே இருக்கும். அதனால் வழியைக் குரலில் கேட்க வேண்டும். திரையைப் பார்ப்பது நின்ற பிறகு. காதில் எதையும் செருகக் கூடாது, போனின் சொந்த ஸ்பீக்கரே போதும். பிரான்சில் 2015 ஜூலை 1 முதல் காதில் இயர்போன் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதே குற்றம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் குற்றம். எது பிடிபட்டாலும் 135 யூரோ அபராதம். நம் ஊரில் 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளைத் தொடாது, மோட்டார் இல்லையே. எங்கள் காலத்தில் ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்திச் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டு நடக்க வைப்பார். அந்த அக்கறைகூட இன்றைக்குச் சைக்கிள்காரன் மேல் யாருக்கும் இல்லை.

கோபப்படுவது மட்டும் போதாது என்று மனைவி சொன்னாள். அதனால் பையனின் சைக்கிளில் நானே ஒரு ஹோல்டர் மாட்டினேன். பஞ்சர் கடைக்காரர் உதவினார். என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது உதவும்.

முதலில் ஹேண்டில்பாரில் பிடிப்பு. உலோகக் கிளாம்ப், இரண்டு போல்ட் உள்ளது. விட்டத்தை அளந்து பார்த்து வாங்கினோம். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்து, 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். கிளாம்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் பழைய டியூபில் வெட்டிய ஒரு பட்டை. முலாம் பூசிய குழாயில் உலோகம் சுழலும், ரப்பர் சுழலாது. அட்டை, காகிதம், துணி எதுவும் வேண்டாம்.

பையனுடையது பழைய மாடல் கறுப்புச் சைக்கிள். அதில் பிரேக் கம்பி ஹேண்டில்பாரை ஒட்டி அடியிலேயே ஓடும். அந்தக் கம்பியையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிட்டால் பிரேக் பிடிக்காது, பிடித்தால் விடாது. முன்பிருந்த பிளாஸ்டிக் வளையம் அந்தக் கம்பியில் உரசிக்கொண்டுதான் இருந்தது. புதிதாக மாட்டியவர்கள் தயவுசெய்து இரண்டு பிரேக்கையும் அழுத்திவிட்டுப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள்.

அடுத்தது போனின் பிடிப்பு. கவரின் முதுகிலேயே பூட்டு உள்ள ரகம் வாங்கினோம். வைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். சிலிகான் ரப்பரை நான்கு மூலையில் மாட்டும் ரகத்தைக் கடைக்காரர் சிபாரிசு செய்தார். புதிதில் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் நம் வெயிலில் நின்று நின்று ரப்பர் தொய்யும், ஓரத்தில் வெடிக்கும். அதை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஜிப் போட்ட பை ரகத்தில் போன் விழாது, மழைக்கும் நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் பைக்குள் போன் வெந்துவிடும். ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. நம் ஊர் மே மாதத்தை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது கயிறு. எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் கயிறு வேண்டும். ஆனால் குட்டையாக வேண்டும், ஒரு சாண் போதும். நீளமாக விட்டால் கழன்ற போன் தொங்கி முன்சக்கரத்துக் கம்பிகளுக்குள் போகும். அப்புறம் உடைவது மணிக்கட்டோடு நிற்காது. இந்தக் கயிறு போனுக்காக இல்லை. 'விழுந்தாலும் தொங்கும்' என்று கைக்குத் தெரிய வேண்டும், அதற்காக. அது தெரிந்த கை ஹேண்டிலை விட்டுப் போகாது.

நான்காவது இடம். ஹேண்டில்பாரின் நடுவில், தண்டை ஒட்டி, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. கழுத்து நீண்ட ஹோல்டர் வாங்காதீர்கள். நீளம் கூடக் கூட ஆட்டமும் கூடும். மணியை மறைக்கக் கூடாது, விளக்கையும் மறைக்கக் கூடாது.

கடைசியாகப் பரிசோதனை. போனை மாட்டுவதற்கு முன், கவருக்குள் அதே எடையில் ஒரு மரத்துண்டைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். பத்து முறை. பிறகு போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கழன்றிருந்தால் மறுபடி முடுக்குங்கள், மறுபடி பத்து முறை. பஞ்சர் கடைக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார். ஏழாவது முறையில் ஒரு போல்ட் தளர்ந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்பிரிங் வாஷர் எடுத்து வந்தார்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. இன்ஜின் அதிர்ச்சி போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்திருக்கிறது. கை நடுக்கத்தைச் சமாளிக்கக் கேமராவுக்குள் நுட்பமாக அசையும் லென்ஸ் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் அந்த அதிர்ச்சி பழுதாக்குகிறது. பைக்கில் மாட்டுபவர்கள் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆனது. நூற்றெண்பது எங்கே, ஆயிரத்துச் சொச்சம் எங்கே? அந்த வித்தியாசத்தை யார் கொடுக்க வேண்டும்? என் கோபத்தின் இரண்டாம் பாகம் இங்கே ஆரம்பிக்கிறது.

சர்க்கார் ஆபீசில் நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று சாமான் இருப்புப் பதிவேடு. அதில் ஆபீஸ் சைக்கிளுக்கென்று ஒரு பக்கம். தபால் கொண்டுபோகும் பியூனுக்குச் சைக்கிள் ஒன்று, மணி ஒன்று, விளக்கு ஒன்று, பூட்டு ஒன்று, காற்றடிக்கும் பம்ப் ஒன்று என்று வரிசையாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். டயர் மாற்றினால் பில். பஞ்சர் ஒட்டினால் பில். நாலணாவுக்குக்கூட நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். சொந்தச் சைக்கிளில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவருக்குச் சைக்கிள் பராமரிப்புப் படி உண்டு. அந்த ஆபீசைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, இங்கேயே எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் அங்கே யாருக்கும் சந்தேகமாக இருந்ததில்லை. ஒருவனை ரோட்டுக்கு அனுப்புகிறவன், அந்த ரோட்டுக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இந்தப் பையனின் கம்பெனி என்ன கொடுத்தது? ஒரு பை, இரண்டு பனியன் சட்டை. அதற்கும் பணம் பிடித்தார்கள் என்கிறான். இரண்டிலும் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கிறது. தன் பெயர் தெரியும் பொருளைக் கொடுக்கத் தெரிகிறது. பெயர் எழுத இடமில்லாத பொருளைக் கொடுக்கத் தெரியவில்லை. ஆனால் அந்தப் போன் இல்லாவிட்டால் அவர்களுக்கு வியாபாரமே கிடையாது. அவன் எங்கே இருக்கிறான், எவ்வளவு வேகத்தில் வருகிறான், எங்கே நின்றான், எல்லாம் அவர்களுக்கு அந்தப் போன் வழியாகத்தான் தெரியும். புது ஆர்டர் வந்தால் போன் கூவும். சில நொடிக்குள் தொட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் அப்போது ராஜீவ்காந்தி சிலை சிக்னலில் நடு ரோட்டில் இருக்கிறானா என்று போன் கேட்காது. ஓடும் சைக்கிளில் கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கச் சொல்கிறவர்கள் அவர்கள். எடுத்தவன் குற்றவாளி.

"அவன் எங்கள் ஊழியனே இல்லை, சுயதொழில் செய்பவன்" என்பது இவர்கள் எல்லோரும் சொல்லும் பதில். இதே பதிலை பிரான்சில் ஒரு கம்பெனி சொன்னது. டேக் ஈட் ஈசி என்று பெயர், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் வேலைதான். ஒரு சைக்கிள்காரர் வழக்குப் போட்டார். கீழே தோற்றார். கடைசியில் அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கூர் த கசாசியோன், 2018 நவம்பர் 28 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பள்ளியில் என்னைப் பிரெஞ்சில் படிக்க வைத்ததற்கு இந்த வயதில் கிடைத்த பயன், இந்தத் தீர்ப்பை மொழிபெயர்ப்பு இல்லாமல் படிக்க முடிந்ததுதான். நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது இரண்டு விஷயம். அந்த ஆளின் போன் அவர் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி கம்பெனிக்குச் சொல்கிறது, ஓட்டிய கிலோமீட்டரைக் கணக்கு வைக்கிறது. அதோடு, தவறினால் தண்டிக்கும் அதிகாரமும் கம்பெனியிடம் இருக்கிறது. இவ்வளவு இருந்தால் இது முதலாளி தொழிலாளி உறவாகத்தான் இருக்க முடியும் என்றது.

திண்ணை நண்பரின் கண்ணுக்கு ஹேண்டில்பாரில் இருந்த போன், பொறுப்பில்லாத பையனின் விளையாட்டுச் சாமான். பாரிஸ் நீதிபதிகளின் கண்ணுக்கு அதே போன், மேஸ்திரி. மேஸ்திரியை ஹேண்டில்பாரில் உட்கார வைத்து அனுப்பினால், அவர் விழாமல் உட்கார ஆசனம் போட வேண்டியது யார் பொறுப்பு?

நம் நாட்டிலும் 2020ஆம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு முதன்முதலாகச் சட்டத்தில் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வந்தது நல்லதுதான். பெயரோடு ஒரு கிளாம்பும், ஒரு பூட்டும், ஒரு சாண் கயிறும் வரட்டும். இரண்டு வேளைச் சாப்பாட்டு ஆர்டரின் விலை அது. ஒரு மணிக்கட்டுக்கு ஆகும் செலவைப் பையனின் அம்மாவிடம் கேளுங்கள். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆறு வாரம் வருமானமில்லை. அந்த அம்மா இரண்டு வீட்டில் கூடுதலாகப் பாத்திரம் தேய்க்கப் போகிறார்.

பையனுக்கு இன்னும் மூன்று வாரம் மாவுக்கட்டு இருக்கிறது. ஹோல்டருக்கு ஆன பணத்தைத் தவணையில் தருவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "நீங்க ஏன் தாத்தா குடுக்கணும்?" என்றான். சரியான கேள்வி. நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கம்பெனி ஏன் கொடுக்கவில்லை என்று இன்னும் தோன்றவில்லை. அது அவனுக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன். அவன் இந்தப் பக்கத்தைப் படிப்பவன். மணிக்கட்டு சரியானதும் சைக்கிள் எடுப்பதற்கு முன், கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதலாம் தம்பி. எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சைக்கிளிலோ பைக்கிலோ போன் மாட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி அவன் வண்டியை நிறுத்தியதும் போய் அந்த ஹோல்டரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அவனைத் திட்டாதீர்கள். ஒரு டியூப் பட்டையும் ஒரு சாண் கயிறும் எடுத்துக்கொண்டு போங்கள்.